வரப்பை மறித்த நாற்றுமுடி

அம்சத்தின் குடிசையைப் பிரிக்கப் பண்ணை அரசப்பன் ஆளோடு வருகிறார் என்று காலையிலேயே சேதி. 'குடியிருந்தவருக்கே மனை' என்று சட்டம் வந்து என்ன, கடப்பாரைக்குப் படிக்கத் தெரியுமா?

ஊரின் இரண்டு பெரிய வாய்களையும் அவள் கையோடு வரச் சொல்லியிருந்தாள். செங்கொடிச் சங்கத்து வீரையனும், ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் கண்ணுசாமியும் வந்தார்கள், வரப்பெல்லாம் சண்டை போட்டபடி.

"ரஷ்யாவுல வீடில்லாதவன் உண்டாய்யா?"

"வீடு இருக்கும், வாயைத் திறந்தா வீட்டுல இருக்க முடியுமா? இங்க மந்திரியையே நிக்க வச்சுக் கேக்கலாம்!"

"கேட்டவன் வயிறு ரொம்பிச்சா?"

அரசப்பன் வயலில் நட்டுக்கொண்டிருந்த அம்சம் நிமிர்ந்தாள். நாற்றுமுடி ஒன்றை அவர்கள் காலடியில் வைத்தாள். கூட நட்ட பெண்கள் குலவையிட்டார்கள். அப்படி மறித்தால், கேட்டதைக் கொடுக்காமல் தாண்டக்கூடாது. தாண்டினால் வயல் விளையாது.

கண்ணுசாமி சட்டைப்பையைத் தடவினார்.

"காசு வேணாங்க. மந்திரியையே கேக்கறவரு, உங்க கட்சிக்காரர் அரசப்பனைக் கேளுங்க."

"தேர்தல் நேரம்மா... ஓட்டுக் கேக்க அவரு ஜீப்புலதான் போறோம்."

வீரையன் சிரித்தார். அம்சம் திரும்பினாள். "தோழரே, என் வாசல்ல கொடியை நடுங்க."

"மாவட்டக் கமிட்டி சொல்லணும், தாயி."

"சரிதான். ஒருத்தர் வாய் ஜீப்புல, ஒருத்தர் வாய் கமிட்டியில!"

வயலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் அரசப்பன் வந்துவிட்டார், பின்னால் கடப்பாரைகள். குடிசைக்கு அந்த வரப்புதான் வழி. ஒருபுறம் நிறைந்த வாய்க்கால், மறுபுறம் புது நடவு, நடுவில் முடியைத் தாண்ட முடியாமல் நின்ற இரண்டு சிலைகள்.

"தள்ளுங்கடா!"

அம்சம் அவர் காலடியிலும் ஒரு முடி வைத்தாள். "தாண்டுங்கய்யா. உங்க வயலு. விளையலேன்னா எங்களுக்கென்ன? மனையை விட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடியை எடுத்துடறேன்."

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. "கண்ணுசாமி, நீ சொல்லுய்யா!"

கண்ணுசாமி வயலைப் பார்த்தார். குனிந்திருந்த முதுகெல்லாம் நிமிர்ந்திருந்தது. அத்தனையும் ஓட்டு. "விட்டுடுங்க மாமா. சட்டம் நம்ம ஆட்சி போட்டதுதானே."

பின்தங்கிவிடுவோமோ என்று வீரையன் பதறினார். "கமிட்டியைக் கேக்காமலே சொல்றேன், விட்டுடுங்க!"

அரசப்பன் காலைப் பின்னால் வைத்தார். "விட்டேன். இருந்து தொலை!"

கடப்பாரைகள் திரும்பின. அம்சம் முடிகளை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியா, இதான் ஜனநாயகம்!" என்றார் கண்ணுசாமி.

"போய்யா, இது பாட்டாளி வர்க்க..."

அம்சம் மறுபடி ஒரு முடியோடு நிமிர்ந்தாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பில் ஓடினார்கள்.