ஜாக்கெட் அக்கா பக்கம் சாய்ந்த ஏரி

நீர்த்தேக்கத்தின் தண்ணீர் ஜாக்கெட் அக்கா நிற்கும் பக்கமாகச் சாயத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. படகுத்துறையில் வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது அவள் வேலை. அவள் நின்ற கரையில் தண்ணீர் எதிர்க்கரையைவிட இரண்டடி உயர்ந்திருந்தது. மூன்றடி என்பாரும் உண்டு. அளவுகோலைப் பார்த்தவர் இரண்டு என்றே எழுதியிருப்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம். அன்றுமுதல் மிதிபடகுகள் இறக்கத்தில் வழுக்கிப் போயின, ஏற்றத்தில் திணறித் திரும்பின. அரைமணி டிக்கெட் முக்கால்மணி ஆனது. விடுமுறைக் கூட்டம் அதற்கும் பழகிக்கொண்டது.

அணைப் பொறியாளருக்குத்தான் தூக்கம் போயிற்று. ஊருக்குப் போகும் ஒரே சாலை அணையின் மேல். அவள் அதில் நடந்தால் ஏரி முழுவதும் அணைமேல் சாயும், கீழே ஊர். "எங்க வேணா போங்கக்கா, அணைப்பக்கம் மட்டும் வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு வருடம் அவள் போகவில்லை. மகள் கல்யாணத்தையும் படகுத்துறையிலேயே நடத்தினாள். மகள் குடிபோனது ஊருக்குள்.

குறித்த நாளுக்கு ஆறு வாரம் முந்தியே மகளுக்குப் பிரசவ வலி கண்டது. மாப்பிள்ளை போனில் அழுதார். "அத்தை, டாக்டர் எதுவும் சொல்ல முடியாதுன்றாரு. உங்களையே கேட்டுட்டிருக்கா." போகாவிட்டால் மகளை இனிப் பார்க்க முடியாமலே போகலாம். போனால், அவளுக்கு முன்னால் தண்ணீர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்.

அவள் அணைமேல் ஏறினாள். தடுக்க முடியாத பொறியாளர் கூடவே நடந்தார். அணைமேல் இருபத்திரண்டு விளக்குக்கம்பங்கள். ஒவ்வொன்றிலும் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவதில் தண்ணீர் சுவருக்கு ஐந்தடி கீழே. பதினொன்றில் இரண்டடி. பதினேழில் விளிம்போடு விளிம்பாக நின்றது. காலி பாட்டில் ஒன்று சுவரை இடித்துக்கொண்டிருந்தது.

"போதும்க்கா. கீழ எம் பொண்டாட்டி புள்ளைங்களும் இருக்காங்க."

"எம் பொண்ணும்தான் இருக்கா" என்றாள். ஆனால் திரும்பிவிட்டாள். பதினாறாவது கம்பம், பதினைந்து, பதினான்கு. தண்ணீர் இறங்கவில்லை. சுவருக்கு மேல் ஒரு சாண் எழுந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்தபடி நின்றது. பொறியாளர் விரல் வைத்துப் பார்த்தார். ஈரம்தான்.

"அக்கா, இது இப்ப உங்களப் பாக்கல."

"அப்ப நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?" என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடினாள்.

மதியம் இரண்டரைக்குப் பேத்தி பிறந்தாள். எடை குறைவு, அழுகை குறைவில்லை. மகள் கண் திறக்க நாலு மணி ஆயிற்று. கட்டிலருகே அம்மாவைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"நீ இங்க வந்துட்ட... ஏரி?"

"வெளிய நிக்குது."

நர்ஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். அணைச்சுவருக்கு மேல் நீலமாக ஒரு பட்டை, அதில் இரண்டு மிதிபடகுகள். பார்வையாளர் நேரம் ஆறு மணி வரைதான் என்று சொல்லிவிட்டு, அதுவரை பார்க்கட்டும் என்று திரையை நன்றாக விலக்கிவிட்டாள்.