வைகுண்டராஜின் பிரமாணப் பத்திரம்

வேட்பாளர் பட்டியல் வந்ததும் ராஜபாளையம் கட்சி அலுவலகத்து வாசலில் வெடி போட்டார்கள். எவனுக்கு வெடி? வைகுண்டராஜுக்கு! மூன்று வாரத்துக்கு முன்புவரை எங்களைத் திருட்டுக் கூட்டம் என்று மேடை மேடையாகத் திட்டியவன். அவன் கழுத்தில் எங்கள் கட்சித் துண்டைப் பார்க்கையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. போன தேர்தலில் செட்டியார்பட்டி வாக்குச்சாவடியில் எங்கள் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தேன். கள்ள ஓட்டுப் போட வந்தவனைத் தடுத்தேன். அதற்காக, அப்போது எதிர்க்கட்சியில் இருந்த இதே வைகுண்டராஜ் உள்ளே புகுந்து, என் தலைமுடியைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனான். பிடரியில் ஒரு கொத்து முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய் நிற்பவள் நான்தான். அன்றைக்கு என்னை வீரமங்கை என்று சொல்லி மாலை போட்டவர் எங்கள் மாவட்டச் செயலாளர் சுயம்புலிங்கம். இன்றைக்கு அவனுக்கு மாலை போட்டவரும் அவரேதான். வெட்கங்கெட்ட மாலை!

எங்கள் கட்சியில் வேட்புமனுவையும், சொத்து, வழக்கு விவரம் எழுதும் பிரமாணப் பத்திரத்தையும் யாரும் வாசிப்பதில்லை. பென்சிலில் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் வேட்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர்வலத்துக்குக் கிளம்பிவிடுவார். நோட்டரி முத்திரையும் வெறும் தாளிலேயே விழுந்துவிடும். உட்கார்ந்து எழுதுவது நான். என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்குமாம். இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லியே வேலை வாங்கிவிட்டார்கள்.

மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். சுயம்புலிங்கம் தாள் கட்டை என் முன்னால் வைத்தார்.

“செல்லக்கனி, ஒரு மணிக்குள்ள முடிச்சிரும்மா. சொத்து விவரமெல்லாம் துண்டுச் சீட்டுல இருக்கு. வழக்கு கட்டத்துல மட்டும் ‘இல்லை’ன்னு எழுதிரு.”

“அண்ணாச்சி, அந்த வழக்கே என்னோடதுல்லா?”

“அதனாலதான் உன்னைய எழுதச் சொல்லுதேன். நாளைக்கு எவனாவது கிளப்புனா, புகார் குடுத்த பிள்ளையே இல்லைன்னு எழுதியிருக்குன்னு காட்டிப்புடலாம். தலைமையில பேசியாச்சு. பொறவு உனக்குக் கவுன்சிலர் சீட்டு என் பொறுப்பு.”

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த வைகுண்டராஜ் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தான். “பழசையெல்லாம் மனசுல வச்சிக்கிடாதீக அக்கா.”

அக்காவாம். அன்றைக்கு முடியைப் பிடித்தபோது அவன் வாயில் வந்த வார்த்தையை என்னால் இங்கே எழுத முடியாது.

அவர்கள் வெளியே போனார்கள். மேளம் கேட்டது. பெயர், முகவரி, நிலம், நகை, கார் எல்லாம் எழுதினேன். வழக்குக் கட்டம் வந்தது. பேனாவை ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தேன். எனக்கு நடந்தது நடக்கவில்லை என்று என் கையாலேயே எழுத வேண்டுமாம். இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு எப்படிக் கூசாமல் போயிற்று? அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

வழக்கு எண் எனக்கு மனப்பாடம். எழுதினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட், அடுத்த வாய்தா தேதி, எல்லாம் எழுதினேன். குற்றத்தின் சுருக்கமான விவரம் கேட்டிருந்தார்கள். ‘வாக்குச்சாவடிக்குள் புகுந்து பெண் ஏஜெண்டைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தது’ என்று அச்சடித்த மாதிரி எழுதினேன்.

சுயம்புலிங்கம் அவசரமாக வந்து கட்டை வாங்கிக்கொண்டார். வழக்கம்போலப் பக்கத்தை எண்ணினார், வாசிக்கவில்லை. இரண்டரை மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் வைகுண்டராஜ் சிரித்த முகத்தோடு அதை அதிகாரி கையில் கொடுத்தான். போட்டோ எடுத்தார்கள்.

சாயங்காலம் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் எதிர்க்கட்சி வக்கீல்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு மொய்த்துவிட்டார்கள். சுயம்புலிங்கம் மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தார்.

“ஏட்டி, என்னத்த எழுதித் தொலச்ச?”

“நடந்ததைத்தான் எழுதுனேன்.”

“கட்சிக்கே துரோகம் பண்ணிட்டியே!”

“துரோகமா? இருபத்திரண்டு வருசமா நான் எழுதுனதை ஒரு தடவையாவது வாசிச்சிருக்கீகளா? இன்னைக்குத்தான் வாசிச்சிருக்கீக.”

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“வழக்கு இருக்கவனை ஏன் நிறுத்துனோம்னு கட்சியே பேப்பர்ல காரணம் போடணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்குல்லா அண்ணாச்சி? சொல்லுங்க. அதையும் நானே எழுதித் தாரேன்.”