ஹார்வுட் தோற்ற வழக்கு

கட்டுரையை எழுதியது யாரென்று அருந்தவனுக்குத் தெரியும். பென்டில் ஹில் வீட்டின் குசினியில், அவனுக்கு முதுகைக் காட்டியபடி அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அவனுடைய மனைவி மயூரா.

தன்னார்வலர்கள் எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஹார்வுட் என்றால் அருந்தவன்தான். விக்டோரியா காலத்து லண்டனில் துப்பறியும் அந்தக் கதைநாயகனைப் பற்றித் தமிழில் இருந்த கட்டுரைகள் எல்லாம் அவன் எழுதியவை, அல்லது அவன் சரிபார்த்தவை. பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கும் மயூராவுக்கு அடிக்குறிப்புப் போடப் பழக்கியதும் அவன்தான். புனைபெயரில் அவள் எழுதிய முதல் கட்டுரை, ஹார்வுட் தோற்றுப்போன ஒரே வழக்கைப் பற்றியது. களவெடுக்காத வேலைக்காரப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, உண்மை தெரிந்த பிறகும் அவர் வாய் திறக்காமல் இருந்த கதை. அருந்தவன் அதை எத்தனையோ தடவை வாசித்தவன். அந்தப் பெண்ணுக்குக் கதை முழுவதிலும் ஒரு பெயர்கூட இல்லை என்பதை மயூராவின் கட்டுரையில்தான் கண்டான். கண்டதும் வயிறு எரிந்தது.

சிறப்புக் கட்டுரைத் தகுதிக்கு அது வந்தபோது, வேறு யாரும் தொடுவதற்குள் மதிப்பாய்வைத் தானே எடுத்துக்கொண்டான். 'நடையில் உணர்ச்சி அதிகம். மேற்கோள்கள் போதாது. தகுதி பெறவில்லை' என்று எழுதிச் சேமித்தான்.

மயூராவின் போன் சிணுங்கியது. கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து அவனுடைய திரையில் பதில் விழுந்தது. 'தங்கள் கருத்துக்கு நன்றி ஐயா. எந்த வரிக்கு மேற்கோள் போதாது என்று சுட்டிக்காட்டினால் திருத்துவேன்.'

அவன் கட்டுரையை மேலிருந்து கீழாகத் தேடினான். ஒரு வரியும் அகப்படவில்லை.

"அது நானெண்டு தெரிஞ்சுதானே எடுத்தனீங்கள்?" அவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஓம்."

"வேற ஆரும் எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பீங்கள், என்ன?"

அவன் கட்டுரையை மறுபடி மேலே உருட்டினான்.

"எனக்கு நீங்கள் பாஸ் போட வேண்டாமப்பா. விலகுங்கோ. வேற ஆரும் பாக்கட்டும்."

'எழுதியவர் என் மனைவி. நான் இதை எடுத்திருக்கக் கூடாது. விலகுகிறேன்.' உலகம் முழுக்கப் பார்க்கும் பக்கத்தில் அதை எழுதியபோது அவனுக்குக் காது சூடாகியது.

மறுநாள் டொரண்டோவிலிருந்து சுதர்சன் என்ற பழைய பங்களிப்பாளர் கட்டுரைக்குச் சிறப்புத் தகுதி கொடுத்தார். தன்னார்வலர்களின் இணையச் சந்திப்பில் அதைப் பற்றிப் பேச வரும்படி மயூராவைக் கேட்டும் எழுதினார். அருந்தவனை இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

சந்திப்பு நடந்த ஞாயிறு காலை அவள் லாப்டொப்பையும் ஒரு கதிரையையும் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். அருந்தவன் உள்ளே நின்று பார்த்தான். அவள் பேசத் தொடங்கியிருந்தாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கக்கூட நேரமில்லாமல், அவளுடைய இரண்டு கைகளும் வெயிலில் எதையோ விரித்துக் காட்டிக்கொண்டிருந்தன. திரைக்குள் இருந்தவர்கள் சிரித்திருக்க வேண்டும். அவளும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.