இரண்டாவது கோடு

அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில்தான் வேலை செய்தார்கள். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. அம்மா கண்மூடும்போது அண்ணன் ஒரு வண்டி வேலையில் மாட்டிக்கொண்டு வந்து சேரவில்லை. "உனக்கு வண்டிதானே அம்மா" என்று ஆள் கூடின இடத்தில் தம்பி சொல்லிவிட்டான். நாக்கில் சனி. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வீம்பு விடவில்லை.

தொழிலில் மட்டும் ஒரு வழக்கம் மாறவில்லை. பிரேக், ஸ்டியரிங் என்றால் ஒருவர் முறுக்கியதை மற்றவர் சோதிக்க வேண்டும். முறுக்கியவர் போல்ட் தலையில் வெள்ளைக் கோடு போடுவார், சோதித்தவர் மஞ்சள் கோடு. இரண்டும் இல்லாமல் வண்டி வாசல் தாண்டாது. பேச்சு நின்ற பிறகு, வேலை முடிந்ததும் அண்ணன் டார்ச்சை சீட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். வந்து பார் என்று அர்த்தம்.

அன்று நின்றது அண்ணன் மகள் ஓட்டும் பள்ளி வேன். ஸ்டியரிங்கைக் கீழேயுள்ள பெட்டியோடு இணைக்கும் இடைத்தண்டு தேய்ந்து கடகடத்தது. அண்ணன் சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங்கை அசையாமல் கட்டி, பழையதை உருவிவிட்டுப் புதியதை மாட்டினார். கட்டியதையும் அவிழ்த்தார். சீட்டில் டார்ச் வைக்கவில்லை.

"வரேன் சித்தப்பா. பிள்ளைங்க காத்துட்டு இருக்கும்" என்று அவள் வண்டியைக் கிளப்பினாள்.

தம்பி எழுந்து வந்து வண்டிக்கு முன்னால் நின்றான்.

"வண்டிய அணைச்சுட்டு கொஞ்சம் எறங்கும்மா."

பெடல் பக்கம் தலையை நுழைத்தான். வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோடு, ஈரம்கூடக் காயவில்லை. அவன் போடாத கோடு. இவ்வளவு ரோஷமா இந்த மனுஷனுக்கு! போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. தண்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தான். அது கையோடு வந்துவிட்டது. கீழ்ப்பெட்டியின் பற்களில் முழுதாக இறங்காமல் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்திருக்கிறது. போல்ட் உட்காரும் பள்ளம்வரை இறங்கும் முன்பே அண்ணன் முறுக்கியிருக்கிறார்.

"அண்ணே" என்றான். அவனே எதிர்பார்க்கவில்லை. "முழுசா உக்காரலண்ணே."

அண்ணன் ஓடி வந்து பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. மகள் ஜன்னல் வழியே கைவிட்டு ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினாள். கீழே வண்டிச் சக்கரம் அசையவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"உன்னக் கூப்பிட வாய் வரலடா" என்றார் அண்ணன். "அதுக்காக எம்பொண்ணையே கொல்லப் பாத்தேனே."

"நான் மட்டும் யோக்கியமா? நீ டார்ச் வைக்கலன்னு தெரிஞ்சும் வீம்புக்கு உக்காந்திருந்தேன்."

அண்ணன் ஸ்பேனரைத் தம்பியிடம் நீட்டினார். தம்பியே ஸ்டியரிங்கை நேராக்கி, தண்டைக் கடைசிவரை இறக்கி, புது போல்ட் பள்ளத்தில் உட்கார்வதைப் பார்த்து முறுக்கினான். பிறகு ஒதுங்கி வழிவிட்டான்.

"நீ பாருண்ணே."

அண்ணன் தண்டைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மறுபடியும் இழுத்தார்.

"போதும்ணே, நல்லாப் பிடிச்சிருச்சு."

அண்ணன் காதில் விழவில்லை. அழுதுகொண்டே இழுத்துக்கொண்டிருந்தார்.