பூப்போட்ட கிளாஸ்

பெரிய கங்காணி செல்லசாமி அந்தப் பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸைத் தூக்கித் தேத்தண்ணியை உறிஞ்சியபோது, முன்வாசல் இஸ்தோப்புப் படிக்குக் கீழே நின்ற அம்மாக்கண்ணுவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் முழுங்கிக்கொண்டாள். மகள் பூரணியின் பேரைத் தோட்டத்து வேலையாள் செக்ரோலில் பதியச் சொல்லிக் கெஞ்ச வந்தவள் கங்காணி மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவைக்க முடியுமா?

போன மாசம் வெள்ளைக்காரத் துரை கப்பலேறியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கங்காணி ஒரு பெட்டி நிறையக் கிளாஸ்களை அள்ளிக்கொண்டு வந்தார். எது எதற்கென்று தெரிந்தால்தானே! ஒயின் ஊற்றுகிற நெட்டைக்கால் கிளாஸில் மோர் குடிக்கிறார். குண்டு வயிற்றுப் பிராந்தி கிளாஸ் சாமி படத்துக்கு முன்னால் திருநீறு சுமந்துகொண்டு நிற்கிறது. இந்த மனுஷனுக்குத்தான் முந்நூறு பேர் கும்பிடு போடுகிறார்கள்.

அம்மாக்கண்ணு பங்களாவில் பதினோரு வருஷம் ஆயாவாக இருந்தவள். பூப்போட்ட கிளாஸ் துரையின் கிழத் தாயாருடையது. கிழவி படுக்கப் போகுமுன் பல்செட்டைக் கழற்றி அதில்தான் போட்டு வைப்பாள். காலையில் இறைச்சி நாரோடு அந்தத் தண்ணியைக் கொட்டிக் கழுவியது இவள் கைதான். கங்காணிக்கோ அதன்மேல்தான் உயிர். வேறு யார் வாயும் அதில் படக்கூடாதாம்! சொல்லித் தொலைக்கலாம்; ஒரு வார்த்தை போதும். அப்புறம் பூரணிக்கு இந்தத் தோட்டத்தில் ஏது வேலை?

கங்காணியின் பெண்சாதி நாகலெட்சுமி வழக்கம்போல் அம்மாக்கண்ணுவுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கங்காணிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த தோட்டப் பள்ளிக்கூடத்து ஜெயரத்தினம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன கங்காணியார், இன்னும் சிரட்டையே? காலம் மாறிப் போச்செல்லோ."

கங்காணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நமக்கு அந்த பேதமெல்லாம் கெடையாதுங்க மாஸ்டர். இந்தா நாகு, இதுலயே ஊத்திக் குடு" என்று குடித்து முடித்த கிளாஸை நீட்டினார்.

அம்மாக்கண்ணு அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்ளப் போனாள்.

"அட, வாய வச்சே குடி புள்ள. பூரணி பேர நாளைக்கே பதியச் சொல்லிர்றேன்."

பெரிய மனுஷத்தனத்தைப் பார்! அம்மாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு உதட்டை வைத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கங்காணியைவிடத் தன்மேல்தான் அவளுக்கு இப்போது அருவருப்பு.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்கய்யா."

மாஸ்டர் மெச்சிக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் வளைவில் மறையும்வரை கங்காணி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். "நாகு, அத சாம்பல் போட்டு மூணு தரம் தேச்சுக் கழுவு. அவ வாய் வச்சது."

இறங்கிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அதற்குள் நாகலெட்சுமி பீலியில் கொட்டும் தண்ணியருகே குந்தி மூஞ்சியைச் சுளித்தபடி கிளாஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியில நல்லா தேயுங்கம்மா" என்றாள் அம்மாக்கண்ணு. "அங்கதான் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். லேசுல போகாது."

நாகலெட்சுமி இன்னொரு பிடி சாம்பலை அள்ளிப் போட்டு, கிளாஸுக்குள் கையை விட்டாள்.