ஒரே பெயருள்ள இரண்டு கணினிகள்

“காசு குடுத்து வாங்கிட்டோம்ல, அப்புறம் ஏன்பா அது இன்னும் யாரு யாருன்னு கேக்குது?”

புத்தக அட்டை வடிவமைப்பவனின் மகள் ஏழு வயதில் ஒருநாள் இப்படிக் கேட்டாள். படம் வரையும் மென்பொருளைப் புதிதாக வாங்கிய அவன், அதன் நீளமான உரிம எண்ணை அப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் சொந்தம். இரண்டு கணினிகளில் போட்டுக்கொள்ளலாம். அதனால் அவனும் தங்கையும் பாதிப் பாதி போட்டு வாங்கியிருந்தார்கள். தங்கை குழந்தைகள் பத்திரிகைக்குப் படம் வரைபவள்.

“திருடன் வந்துடக் கூடாதுல்ல” என்று மகளிடம் சொல்லிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

தங்கையின் கணினியையும் அவனே அமைத்துக் கொடுத்தான். தன்னுடையதற்கு வைத்த ‘ஸ்டூடியோ’ என்ற பெயரையே கைப்பழக்கத்தில் அதற்கும் வைத்துவிட்டான். அது ஒரு விஷயமாகவே அப்போது படவில்லை.

ஒன்பது வருடம் கழித்து அவன் கணினி உயிரை விட்டது. புதியதில் உரிம எண்ணைத் தட்டினால், ஏற்கெனவே இரண்டு இடங்களில் இருக்கிறது, ஒன்றை நீக்கினால்தான் திறக்கும் என்றது. அந்தக் கணினியைத் தொடாமல் இப்படி வெளியிலிருந்து நீக்க ஒரே ஒரு வாய்ப்புதானாம். கீழே இரண்டு வரிகள்: ஸ்டூடியோ, ஸ்டூடியோ. செத்தது எது, உயிரோடிருப்பது எது? தங்கைக்கு ஒரு போன் போட்டிருந்தால் இருவருமாகப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அச்சகத்துக்காரர் அட்டையை வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவன் மேல் வரியை நீக்கினான். மென்பொருள் திறந்தது.

மறுநாள் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, வரையறது திறக்க மாட்டேங்குது. நான்தான் எதையோ தட்டிக் கெடுத்துட்டேன் போல. நீ ஆசையா போட்டுக் குடுத்தது. கோச்சுக்காதண்ணா.”

அவன் நீக்கியது தங்கையின் ‘ஸ்டூடியோ’வை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நிறுவனம் அந்த விற்பனையையே நிறுத்திவிட்டு மாதச் சந்தாவுக்கு மாறியிருந்தது. செத்த கணினி பிடித்துவைத்திருக்கும் இடத்தை மீட்டுத் தரவும் அங்கே ஆளில்லை. மிச்சம் இருப்பது ஒரே இடம், அது இப்போது அவன் கையில். உண்மையைச் சொன்னால் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

“பழைய சரக்குதானே, காலாவதி ஆயிருக்கும். மாசச் சந்தா கட்டிக்கோ. இப்ப எல்லாரும் அதான் பண்றாங்க” என்றான். பேசும்போது குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. பின்னால் அவனை அதிகம் உறுத்தியது அதுதான்.

நான்கு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனபோது, அவள் மேசைக்கு மேலே தொங்கிய காலண்டரில் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வட்டமிட்டிருந்தது. விவரம் சொன்னவர் அவள் கணவர். வட்டமிட்டது சந்தா மாதம், மற்றது பென்சில் மாதம். எல்லா மாதமும் கட்டினால் பத்திரிகை கொடுப்பதில் மிச்சமே இருக்காது. அதனால் பென்சில் மாதத்தில் தாளில் வரைந்து குவித்து, சந்தா மாதத்தில் கண் எரிய எரிய எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுகிறாள்.

“உங்க தங்கச்சி தூரிகைக்கு வாடகை கட்டுறா மச்சான். நம்ம வீட்டு ஓனரே அந்தக் கம்பெனிய விடத் தேவல, ரெண்டு நாள் தவணை குடுப்பாரு” என்றார்.

“சும்மா இருங்க. பாவம், அண்ணன் அவ்வளவு நல்லா அமைச்சுக் குடுத்துச்சு. கெடுத்தது நானு” என்று அவள் காபியை நீட்டினாள். அவன் டம்ளரை வாங்கினான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காபி மேல் படிந்த ஆடையையே விலக்கிக்கொண்டிருந்தான்.

அதன்பின் சில நாட்கள் அவனால் காலைப் பிரார்த்தனையைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. மன்னித்துவிடு என்ற வரி வந்ததும் நாக்கு நின்றுவிடும். எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பது எப்படி?

அடுத்த சந்தா மாதத்தில் ஒரு பகல். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று தங்கை வீட்டில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பிரிண்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லி அவன் போனான். காலையிலேயே தன் கணினியிலிருந்து பழைய மென்பொருளைக் கழற்றி அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு, தன் பெயரில் சந்தா கட்டிவிட்டான். இனி மாதாமாதம் அந்தச் செலவு அவனுடையது.

வீடு காலியானதும் தங்கையின் கணினியில் உரிம எண்ணைத் தட்டினான். பழையது திறந்துகொண்டது. ஆனால் இந்த மாதங்களில் அவள் புதிய சந்தா மென்பொருளில் வரைந்தவை அதில் திறக்காது என்று அவனுக்குத் தெரியும். அறுபத்து மூன்று படங்கள். ஒவ்வொன்றையும் புதியதில் திறந்து, பழைய வடிவத்தில் சேமித்து, பழையதில் திறந்து வண்ணம் மாறியிருக்கிறதா என்று பார்த்தான். இடையில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அவளிடம் வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. அது வருகிறவரை கையால் செய்ய முடிந்ததையாவது செய்ய வேண்டும்.

கடைசிப் படம், குடை பிடித்த ஆமை. கோடு ஒன்றுகூட நகரவில்லை. கணினியை அணைத்து, தன் வசதிக்காக உயர்த்தியிருந்த நாற்காலியை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினான்.