மார்கழி பத்தில் ஒரு கிறிஸ்துமஸ்

என் தறிக்கூடத்துக்கு வந்த இத்தாலிக்காரரை நான் சிறை வைத்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மூன்று வேளை சாப்பாடு, அவிநாசி ரோட்டில் ஏசி அறை, கார், டிரைவர் எல்லாம் கொடுத்திருந்தேன். எந்தச் சிறையில் இதெல்லாம் கிடைக்கும்? ஒன்றே ஒன்றைத்தான் கொடுக்கவில்லை. ஒரு கையெழுத்து.

கோவையை அடுத்த கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தறிக்கூடம் இருக்கிறது. இருபது வருடம் பழைய தறிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இந்த வருடம்தான் இத்தாலியிலிருந்து ஒரு புதுத் தறியை வரவழைத்தேன். அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட எலியோ என்பவர் வந்தார். நாற்பது வயது, நல்ல உயரம், பேச்சு குறைவு. தறி இரண்டு நாள் நிற்காமல் ஓட வேண்டும், ஓடியது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் அவர் ஊருக்குப் போகலாம். இது அவருடைய கம்பெனி விதி. டிசம்பர் இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருந்தார்.

தறி வந்த கப்பல் தாமதமாகி, பெட்டி துறைமுகத்தில் வேறு ஆறு நாள் கிடந்தது. எலியோ ராப்பகலாக வேலை செய்து பதினேழாம் தேதி காலை கையைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டலாமா?" என்று கேட்டார். காலண்டரைப் பார்த்தேன். மார்கழி இரண்டு.

எங்கள் பக்கம் மார்கழியில் கல்யாணம் கிடையாது, புது வீட்டில் பால் காய்ச்சுவது கிடையாது, புது மெஷின் ஓட்டுவதும் கிடையாது. எல்லாம் தை பிறந்த பிறகுதான். ஆனால் நானோ பொறியியல் படித்தவன். போன வருடம்தான் ஒரு கல்லூரி விழாவில் அறிவியல் மனப்பான்மை பற்றி இருபது நிமிடம் பேசிச் சால்வை வாங்கியிருந்தேன். அப்படிப்பட்டவன் வெளிநாட்டுக்காரரிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பழியைத் தூக்கி வீட்டுக்காரி மேல் போட்டேன்.

"இந்த மாதம் புது மெஷின் ஓட்டக் கூடாது என்பதில் என் மனைவி ரொம்பக் கண்டிப்பு. ஜனவரி பதினைந்துக்கு முன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

எலியோ கை துடைத்த துணியை மடித்துத் தறிமேல் வைத்தார். பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டினார். முன்பல் விழுந்த ஒரு சிறுமி. "நோரா. ஏழு வயது. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார். கம்பெனியிடமும் பேசிப் பார்த்தார். இன்னொரு முறை ஆள் அனுப்ப மார்ச் ஆகிவிடும், இருந்து முடித்துவிட்டே வா என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சத்தியமாகத்தான் சொல்கிறேன். அதனால் தறியை ஓட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். தறிக்கூட வாசலில் ஆளுயர நட்சத்திரம் கட்டினேன். ஆர்.எஸ்.புரத்திலிருந்து மூன்று கிலோ பிளம் கேக் வந்தது. இத்தாலியில்கூட இப்படி ஒரு கிறிஸ்துமஸ் பார்த்திருக்க மாட்டார் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நட்சத்திரத்தைக் கட்ட ஏணியில் ஏறியவர் எங்கள் ஃபிட்டர் பிரான்சிஸ். கருமத்தம்பட்டி மாதா கோவில் பக்கத்தில் வீடு. மேலே இருந்தபடியே சொன்னார்: "ஏனுங்க முதலாளி, தப்பா நெனைக்காதீங்க. அந்த மனுசனுக்கு ஸ்டாரும் வேண்டாம், கேக்கும் வேண்டாமுங்க. நீங்க அந்தச் சுச்சப் போட்டு உட்டீங்கன்னாப் போதுமுங்க."

"ஏணியப் பாத்து எறங்குங்க பிரான்சிஸ்" என்றேன். பதில் இல்லாதபோது முதலாளிகள் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம்.

கிறிஸ்துமஸ் அன்று காலை பிரான்சிஸ் எலியோவைப் பூசைக்குக் கூட்டிப் போனார். மதியம் எங்கள் வீட்டில் விருந்து. நான், மனைவி கோகிலவாணி, விடுமுறைக்குப் புனேயிலிருந்து வந்திருந்த எங்கள் மகள் கனிஷ்கா. பள்ளிபாளையம் சிக்கனும் மட்டன் குழம்பும் ஆளை மயக்கும் மணத்தோடு மேஜைக்கு வந்தன. எலியோ கையில் ஒரு பூங்கொத்தோடு வந்தார். நேராகக் கோகிலாவிடம் போய், தலை குனிந்து, கை கூப்பினார். அவளை எங்கே பார்த்தாலும் அப்படித்தான் கும்பிடுவார். எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் ரசித்துக்கொண்டிருந்தேன், பாவி.

இந்த முறை கும்பிட்டதோடு நிற்கவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல் மெதுவாக ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். கோகிலாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கனிஷ்காவைப் பார்த்தாள்.

"அம்மா, உங்க நம்பிக்கைய அவரு மதிக்கறாராம். ஆனா அவரு புள்ள தெனமும் அழுவுதாம். நீங்க கொஞ்சம் மனசு வெச்சு தறிய ஓட்டறதுக்கு அனுமதி குடுக்கணுமாம்" என்றாள் கனிஷ்கா. சொல்லச் சொல்ல அவள் கண் என் பக்கம் திரும்பியது.

நான் சிக்கனில் கிடந்த தேங்காய்ச் சில்லு ஒன்றைத் தீவிரமாக ஆராய்ந்தேன்.

"ஏனுங்க, நா எப்பங்க வேண்டாமுன்னு சொன்னேன்?" என்றாள் கோகிலா. "நம்மூட்டு கிரைண்டர் வாங்குனது மார்கழிதானுங்களே. நீங்கதானுங்க பிளக்குச் சொருகுனீங்க. அவரு கும்பிடறதப் பாத்துப் போட்டு, நல்ல மரியாதக்கார மனுசன்னு நெனச்சேனே. இதுக்குத்தானுங்களா?"

கனிஷ்கா அதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். கிரைண்டரைக்கூட விடவில்லை. அவ்வளவு நல்ல ஆங்கிலம் வரும்படி படிக்க வைத்தவன் நான்தான்.

எலியோ கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் என்னைப் பார்த்து, "அப்படியானால் யாருக்குப் பயம்?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்குத்தான்" என்றேன். "எங்கப்பா முதல் தறியை ஒரு மார்கழியில்தான் ஓட்டினார். தை பிறப்பதற்குள் போய்விட்டார். இருதய நோய், பல வருடமாக இருந்தது. தறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சுவிட்சில் கை வைக்க முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது."

கனிஷ்கா தமிழில் சொல்லக் கேட்ட கோகிலா என் தட்டில் கொஞ்சம் சோறு வைத்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். "வாங்க எலியோ, இப்பவே போய் ஓட்டிவிடலாம்."

எலியோ எழுந்திருக்கவில்லை. "இன்றைக்கு முடியாது" என்றார். "கிறிஸ்துமஸ் அன்று நான் வேலை செய்வதில்லை. என் அப்பாவும் செய்ததில்லை."

கனிஷ்காதான் முதலில் சிரித்தாள். பிறகு கோகிலா. எலியோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சாவியை மாட்டிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஓட்டுவது, இருபத்தெட்டில் கையெழுத்து, அன்றைக்கே கோவையிலிருந்து விமானம் என்று முடிவானது. கனிஷ்கா அங்கேயே உட்கார்ந்து டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தாள். என்ன செய்தாலும் கிறிஸ்துமஸ் போனது போனதுதான். அதை எந்த டிக்கெட்டாலும் மாற்ற முடியாது.

மாலை ஐந்தரைக்கு எலியோ வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டார். அங்கே அப்போதுதான் மதியச் சாப்பாடு. மேஜை முழுக்க ஆட்கள், நடுவில் ஒரு நாற்காலி மட்டும் காலி. நோரா போனைப் பிடுங்கி முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். விழுந்த பல் இருந்த இடத்தில் புதுப் பல் எட்டிப் பார்த்தது. எலியோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போனை என் பக்கம் திருப்பினார். நான் அசட்டுத்தனமாகக் கையாட்டினேன். குழந்தை சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு ஏதோ கேட்டது. எலியோ போனைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார்.

"என்ன கேட்கிறாள்?" என்றேன்.

"விடுங்கள், குழந்தை."

"பரவாயில்லை, சொல்லுங்கள்."

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்கிறாள். இன்றைக்கு அவர்கள் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்கிறாள்."

சோபாவில் கனிஷ்கா அவள் அம்மாவின் மடியில் காலைப் போட்டுக்கொண்டு கேக் தின்றுகொண்டிருந்தாள். இல்லை என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"இருக்கிறாள்" என்றேன்.